கரடியின் முதுகு

மதியம் 2.05. முதலாளி சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக்குத் திரும்பினார். பீரோ நெம்பப்பட்டிருந்தது. காலையில்தான் வந்து இறங்கிய விலையுயர்ந்த லேப்டாப்பைக் காணோம்.

அவர் போட்ட கூச்சலில் கடையே கூடிவிட்டது. டாக்டர் மட்டும் வரவில்லை. ஸ்டோர் ரூமில் கரடி உடைக்குள் நுழைந்து, கதவுக்கு முதுகைக் காட்டியபடி சூப்பர்வைசருக்காகக் காத்து நின்றான்.

ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வேதியியலில் முனைவர் பட்டம். கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி, டியூஷன், பார்சல் என்று எதையெதையோ பார்த்துவிட்டு, இப்போது இந்த எலெக்ட்ரானிக்ஸ் கடை வாசலில் கரடியாக நின்று குழந்தைகளுக்குக் கையாட்டுகிறான். டாக்டர் என்ற பட்டப்பெயர் கடை ஆட்கள் கேலிக்கு வைத்தது.

2.40. எஸ்.ஐ. அம்மா வந்தார். நடைபாதை கேமராவின் பதிவைப் போட்டார்கள். 1.22க்குக் கரடி முதுகைக் காட்டியபடி முதலாளி அறைக்குள் நுழைகிறது. தொப்பை கதவு நிலையில் முட்டுகிறது. பின்வாங்கி மறுபடி நுழைகிறது. சற்று நேரத்தில் வெளியே வருகிறது.

இதற்கு மேல் என்ன சாட்சி, கேஸ் போடுங்கள் என்றார் முதலாளி.

கேஸ் என்று வந்தால் எந்தக் கல்லூரியும் இனி அவனைப் படியேற்றாது. நாளை மறுநாள் ஒரு நேர்முகத் தேர்வு வேறு. டாக்டருக்கு இதெல்லாம் தெரிந்தேயிருந்தது. ஆனால் பயம் வரவில்லை. மனசு எப்போதோ மரத்துப்போயிருந்தது.

"ஒரு மணிக்கு மேல எங்க இருந்தீங்க?"

"உடுப்பைக் கழட்டி மாட்டிட்டு, பின்னாடி ஜெனரேட்டர் பக்கத்துல பன் சாப்பிட்டேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல மேடம்."

டாக்டரின் போன் அடித்தது. அவன் அம்மா. எஸ்.ஐ. எடுக்கச் சொன்னார்.

"சாப்பிட்டேம்மா. லேப்ல இருக்கேன். அப்புறம் பேசறேன்."

அவன் போனை வைத்ததும் எஸ்.ஐ. மற்றவர்களை விசாரித்தார்.

காஷியர் பெண் கல்லாவை விட்டு நகரவே இல்லை. இன்னொரு கேமரா அதைக் காட்டியது. வெளியாள் யாரும் கல்லாவைத் தாண்டி உள்ளே வரவில்லை. பின்பக்கம் உயரமான சுவர். மிச்சம் சூப்பர்வைசரும் வேன் டிரைவரும்தான்; இருவரும் மாடியில் ஒன்றாகச் சாப்பிட்டார்களாம். ஒரு நிமிஷம்கூடப் பிரியவில்லை, சாப்பாட்டு நேரத்தில் டாக்டரைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்று அடித்துச் சொன்னார்கள்.

எஸ்.ஐ. பதிவை மறுபடி பார்த்தார். பிறகு, உடையோடு முதலாளி அறைக்குள் போய் வரும்படி டாக்டரிடம் சொன்னார். நிலை வந்ததும் அவன் தானாகவே பக்கவாட்டில் திரும்பி, முட்டாமல் நுழைந்தான்.

"இப்ப முதுகு ஜிப்பை நீங்களே போடுங்க."

"கை எட்டாது மேடம். தினம் சூப்பர்வைசர்தான் போட்டுவிடுவார்."

எஸ்.ஐ. சூப்பர்வைசரும் டிரைவரும் நின்ற பக்கம் திரும்பினார்.

"பதிவுல ஜிப் கழுத்து வரைக்கும் ஏறியிருக்கு. யாரோ ஏத்திவிட்டிருக்காங்க. காஷியர் இல்ல. டாக்டர் உள்ள இருந்திருந்தா, உங்கள்ல ஒருத்தர்தான் ஏத்தியிருக்கணும். நீங்களோ அவரைப் பார்க்கவே இல்லைங்கறீங்க. இந்த வேலைக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தரை ஒருத்தர் பிரியாம இருந்த ரெண்டு பேர் யாரு?"

டிரைவர் சூப்பர்வைசரைப் பார்த்தான். அதுவே போதுமாயிருந்தது. வேனில், டெலிவரிக்குக் கட்டிவைத்த டிவி பெட்டிக்குள் லேப்டாப் இருந்தது. பழியைக் கரடி தலையில் போட்டால் யாரும் நம்புவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

முதலாளி தொண்டையைச் செருமினார். வாசலில் கரடி இல்லாவிட்டால் கூட்டம் வராது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"பதிவை நீங்களும்தானே பார்த்தீங்க? ஜிப்பைக் கவனிக்கலையா?" என்றார் எஸ்.ஐ.

"கவனிச்சேன் மேடம்."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

"நான் சொல்லி இதுவரைக்கும் யாரும் எதையும் ஒத்துக்கிட்டதில்ல. பழகிப்போச்சு."

4.30. கடை ஏழு மணி வரை. டாக்டர் கரடித் தலையைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். வழக்கமாகப் போட்டுவிடுகிற ஆள் ஜீப்பில் இருந்தார். காஷியர் பெண்ணின் முன்னால் வரிசை நின்றது.

அவன் எஸ்.ஐ.க்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

"கொஞ்சம் போட்டுவிடறீங்களா மேடம்?"

எஸ்.ஐ. லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஜிப்பைக் கழுத்து வரைக்கும் ஏற்றிவிட்டார்.