மூன்றாவது தகுதி

இட்லியைப் பிட்டு வாயில் வைத்ததுமே ஜெபக்கனிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்த வசந்தமலர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"லோடு படுத்துதாட்டி?"

"தொண்டையில குழாய் கெடக்க மாதிரியே இருக்கு. நேத்து பூரா தோள்பட்டை வலி. காத்தாடி மேல ஏறி ஏறித் தேஞ்ச தோளுல்லா."

பாளையங்கோட்டையில் இருந்த அந்தச் செவிலியர் விடுதியில் பாதிப் பேர் இப்படித்தான் சாப்பிட்டார்கள். முதுநிலைச் செவிலியப் படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் அவர்கள். பட்டப்படிப்பில் நல்ல மதிப்பெண் வேண்டும், வார்டில் வேலை பார்த்திருக்க வேண்டும். இவை பழைய தகுதிகள். ஊசியும் மருந்தும் புண்கட்டும் இயந்திரங்களின் கைக்குப் போய்விட்ட பிறகு, மனிதச் செவிலியருக்கென்று மிச்சம் என்ன இருக்கிறது என்று யோசித்தவர்கள் மூன்றாவதைச் சேர்த்தார்கள். இறந்துபோன ஒருவரின் கடைசி நாளை விண்ணப்பதாரர் தன் உடம்பில் சுமந்து காட்ட வேண்டும். நோயாளியோ பெற்றோரோ முன்கூட்டியே சம்மதம் எழுதித் தந்திருந்தால், நோயாளியின் நரம்புகளில் ஓடியதையெல்லாம் ஓர் உணர்வுவில்லையில் பதிந்து காதுக்குப் பின்னால் பொருத்துவார்கள். விண்ணப்பத்தில் அதன் பெயர் 'இறுதிச் சுமை'. விடுதியில் எல்லோருக்கும் லோடு.

வசந்தமலருக்கு வாய்த்தவர் தூக்கத்திலேயே போன ஒரு பள்ளி ஆசிரியர். அவளுக்குக் குறட்டையைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. ஜெபக்கனி சுமந்தது சிதம்பரபாண்டியை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைப் பழுதுபார்த்தவர், உயரத்திலிருந்து விழுந்து மூச்சுக் கருவியில் கிடந்தார். நினைவில்லை என்று எல்லோரும் நம்பினார்கள். நினைவு இருந்தது. ஆனால் பதிவை இறப்புக்கு முன் யாரும் திறக்கக் கூடாது என்பது சட்டம். திறந்த பிறகு சுமப்பவர் அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது இன்னொரு சட்டம்.

அவருடைய மனைவியிடம் டாக்டர் கருவியை எடுத்துவிடலாமா என்று கேட்டதும், அவள் நெடுநேரம் கழித்து, "போதும், எடுத்துருங்க" என்றதும் ஜெபக்கனிக்குத் தினமும் கேட்கும். வேண்டாம், இன்னும் கொஞ்சம் என்று உள்ளே ஒருவர் கத்துவார். ஒரு விரலை அசைக்கப் பார்ப்பார். விரல் அசையாது.

அன்று பகலில் அவள் வார்டில் இருந்தபோது வராந்தாவில் ஒரு குரல் கேட்டது.

"சிஸ்டர் யாரும் இருக்கீங்களா?"

ஜெபக்கனியின் நெஞ்சு துள்ளியது. தன்னுடையதல்லாத ஒரு சந்தோஷம் உடம்பெல்லாம் பரவ, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். பின்னாலேயே பயமும் வந்தது. வாசலில் நின்ற நடுத்தர வயதுப் பெண் அவளையே உற்றுப் பார்த்தாள்.

"ஒவ்வொரு வார்டா வந்து குரல் குடுக்கேன் தாயி. என் கொரலு கேட்டு எவளாவது எந்திரிப்பான்னு. நான் உலகம்மா. அவரு ஒன்கிட்டதான இருக்காரு?"

"நான் பேசக்கூடாதும்மா. பேசுனா எந்தக் காலேஜிலயும் எனக்கு சீட்டு கெடைக்காது."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. எடுத்துருங்கன்னு நான் சொன்னது அவருக்குக் கேட்டுச்சா?"

"கேக்கல."

உலகம்மாள் அவள் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "பொய் சொன்னா அவருக்கு எடது கண்ணு துடிக்கும்" என்றாள்.

ஜெபக்கனி கண்ணைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு அடியில் அது துடித்துக்கொண்டே இருந்தது. உலகம்மாள் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அவரு வேண்டாம்னுதான நெனச்சாரு?"

ஜெபக்கனி கண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

நேர்காணலில் குழுத் தலைவி கேட்டார். "உறவினர்கள் யாராவது உங்களைச் சந்திச்சாங்களா?"

"இல்ல மேடம்."

அந்த முகத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. சீட்டு கிடைத்தது. படிப்பில் சேர்வதற்கு முன் பழைய சுமையை இறக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிது ஏறும். இறக்கும்போது வில்லை ஒருமுறை முழுதாக ஓடி அழியும் என்று தொழில்நுட்பர் விளக்கினார். அப்படியானால் அந்த மனிதர் இன்னொரு முறை அதே கட்டிலில் தனியாகக் கிடந்து அதைக் கேட்பார். ஜெபக்கனியால் அதைத் தாங்க முடியவில்லை. உலகம்மாளுக்கு ஆள் அனுப்பினாள்.

"யாரு இவங்க?" என்றார் தொழில்நுட்பர்.

"எங்க பெரியம்மா. எனக்குப் பயமா இருக்கு சார், கூட இருக்கட்டும்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உலகம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சுக் கருவியின் சீறல் வந்தது. குளிர் வந்தது. டாக்டரின் கேள்வி நெருங்கியபோது உலகம்மாள் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினாள். "இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல. நீங்க பாதியில போட்ட தண்ணி மோட்டாருக்குப் புதுக் கம்பி சுத்தியாச்சு. வடக்குச் சுவரு நனைஞ்சுதான் கெடக்கு, ஆளு பாக்கணும்..."

நடந்தது மாறவில்லை. பழைய வார்த்தைகள் பழைய இடத்தில் வந்தன. அந்தப் பயமும் கொஞ்சமும் குறையாமல் வந்தது. மோட்டாரும் சுவரும் அதற்கு மேலே எங்கோ ஓடிக்கொண்டிருந்தன. பிறகு எல்லாம் நின்றது. உலகம்மாளின் குரல் மட்டும் இன்னும் சுவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஜெபக்கனியின் நெஞ்சு அசையவில்லை. யாரோ ஒரு அம்மாவின் குரல் அது.

"கேட்டுச்சா தாயி?"

ஜெபக்கனி கொஞ்சம் யோசித்தாள். "எனக்குக் கேட்டுச்சும்மா."

உலகம்மாள் தலையசைத்துவிட்டுக் கையை விட்டாள். அதற்குள் தொழில்நுட்பர் அடுத்த தட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். புதிய வில்லையின் உறையில் பெயரும், பெயருக்குக் கீழே ஒன்பது வயது என்றும் எழுதியிருந்தது. உலகம்மாள் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்காளா?"

"இருப்பாங்க."

"தேடி வருவா. கூட இருக்க விடுவாங்களா?"

"விடமாட்டாங்கம்மா."

"நீ விடு" என்று சொல்லிவிட்டு உலகம்மாள் வெளியே போனாள்.

ஜெபக்கனி முடியை ஒதுக்கிக் காதைத் திருப்பிக் காட்டினாள்.