சோடா இல்லாத சுக்கினி ரொட்டி

மாலையில் ஓடெட் மரக்கரண்டியை மாவில் நட்டபோது அது ஆடாமல் நின்றது. மறுநாள் காலையில் அதே கரண்டியை அதே மாவில் நட்டாள். கரண்டி மெல்லச் சாய்ந்து, கிண்ணத்தின் ஓரத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

கெட்டியாக இருந்த மாவு தண்ணீராகியிருந்தது.

போன வாரமும் இப்படித்தான் ஆனது. அப்போது அவள் தன் அண்ணன் ரெமியைச் சந்தேகப்பட்டாள். அதனால் இந்த முறை கிண்ணத்தைத் துணியால் மூடி, சுற்றிலும் ஒட்டுநாடா ஒட்டியிருந்தாள். காலையில் அந்த ஒட்டுநாடா ஒரு இடத்தில்கூடப் பிரியாமல் அப்படியே இருந்தது. ஆனாலும் உள்ளே மாவு தளும்பியது.

ரெமி எதிரில் உட்கார்ந்து பாலில் ஊறிய சோளப்பொரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எப்படிடா செஞ்ச?" என்று கேட்டாள்.

"எதை?"

"ஒட்டுநாடாவைப் பிரிக்காம எப்படித் தண்ணி ஊத்தின?"

ரெமி கரண்டியைக் கீழே வைத்தான். அவன்மேல் ஏற்கனவே ஒரு வழக்கு உண்டு. ஒருமுறை அவளுடைய சூடான சாக்லேட்டில் உப்பைக் கலந்தவன் அவன். "குறும்பு பண்ணணும்னா இதைவிட நல்லதாவே பண்ணுவேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி சாப்பிடத் தொடங்கினான்.

ஓடெட் செய்ய நினைத்தது இனிப்பான சுக்கினி ரொட்டி. சுக்கினி என்பது பார்க்க வெள்ளரிக்காயைப் போல இருக்கும் ஒரு பச்சைக் காய். அமெரிக்காவின் வெர்மான்டில் அவர்கள் இருந்த ஊரில் ஆகஸ்ட் வந்துவிட்டால் எல்லார் தோட்டத்திலும் சுக்கினி காய்த்துத் தள்ளும். மற்ற மாதங்களில் யாரும் கார் கதவைப் பூட்டுவதில்லை. ஆகஸ்டில் மட்டும் பூட்டுவார்கள். பூட்டாவிட்டால், திரும்பி வருவதற்குள் பின் இருக்கையில் யாராவது ஒரு மூட்டை சுக்கினியை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதனால் அங்கே சுக்கினி ரொட்டி செய்யாத வீடே கிடையாது.

எல்லாரும் அதைச் சமையல் சோடா போட்டுத்தான் செய்வார்கள். ஓடெட் மட்டும் பெர்னார்டைப் போட்டுச் செய்வேன் என்றாள்.

பெர்னார்ட் என்பது ஒரு ஜாடிப் புளிமாவு. குளிர்காலத்தில் அவள் வகுப்பில் எல்லாரும் கோதுமை மாவையும் தண்ணீரையும் ஜாடியில் கலந்து வைத்தார்கள். கொஞ்ச நாளில் அதில் குமிழிகள் வந்தன. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிர்கள் உள்ளே மாவைத் தின்று காற்றை வெளியே விடுகின்றன. அந்தக் காற்றுதான் ரொட்டியை மேலே தூக்குகிறது என்று ஆசிரியர் சொன்னார். பிறகு பனிப்புயல் விடுமுறை வந்தது. மற்றவர்களின் ஜாடிகள் வகுப்பிலேயே கிடந்து பூஞ்சை பிடித்தன. ஓடெட் தன் ஜாடியைக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். புளிமாவு வளர்ப்பவர்கள் அதற்கு ஒரு பெயர் வைப்பது அங்கே வழக்கம். அவள் பெர்னார்ட் என்று வைத்தாள். அது குளிர்பெட்டியின் நடுத்தட்டில் வாழ்ந்தது. சில நாள் பொங்கிப் பக்கத்திலிருந்த பாலாடைக்கட்டியின் மேல் வழிந்தது.

பக்கத்துப் பண்ணையில் மாடு கறந்துவிட்டு அம்மா உள்ளே வந்தார். ரப்பர் காலணியைக் கழற்றும்போதே கிண்ணத்தைப் பார்த்துவிட்டார். அவருக்குப் பின்னாலேயே மிசஸ் கார்லிஸ் வந்தார். அடுத்த வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமை தொடங்கும் ஊர்க் கண்காட்சியில், சிறுவர்கள் செய்யும் பலகாரங்களுக்கான கூடாரம் அவர் பொறுப்பில் இருந்தது. அவர் கை நிறையச் சுக்கினி. அவற்றின் மேல் பிரிக்காத ஒரு சோடா டப்பா.

அவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு டப்பாவை மேசையில் வைத்தார்.

"இதுல ஒரு கரண்டி போடு கண்ணு. சோடா இல்லாம யாரும் சுக்கினி ரொட்டி செஞ்சு நான் பார்த்ததில்ல."

"பெர்னார்ட் போதும்" என்றாள் ஓடெட்.

"சாதா ரொட்டிக்குப் போதும். இனிப்புன்னா அவனுக்கு மூச்சு முட்டும். நீ செங்கல்லைக் கொண்டுவந்தாலும் மேசையில வெச்சுக்குவேன், கவலைப்படாத. காத்து அடிச்சா கூடாரம் பறக்காம இருக்கும்."

ரெமி பால் சிந்தும்படி சிரித்தான்.

அம்மா சிரிக்கவில்லை. போன வாரம் நம்மைவிடக் கோழிகள்தான் நன்றாகச் சாப்பிட்டன என்றார். போன வாரத்து ரொட்டியைக் கோழிகளுக்குத்தான் போட்டார்கள். மேலே பொன்னிறமாக இருந்தாலும் வெட்டிப் பார்த்தபோது அடிப்பாகம் ஈரச் சோப்பைப் போல இருந்தது. கோழிகள்கூட அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கொத்தின.

"இன்னும் ஒரு தடவை செஞ்சு பாரு. அதுவும் கெட்டுப்போச்சுன்னா ஜாடியைக் கழுவிக் கவுத்துடுவேன். உள்ள இருக்கிறது உரக்குழிக்குப் போகும்" என்றார் அம்மா.

ஓடெட் ஜாடியை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "தப்பு பெர்னார்ட் மேலன்னு யார் பார்த்தா? தப்பு எங்கன்னு தெரியாம ஒருத்தரை வெளிய அனுப்ப முடியாது. நான் விடமாட்டேன்."

"ஓ" என்றான் ரெமி. "அப்ப என்மேல மட்டும் தெரியாமலே பழி போடலாமா?"

ஓடெட் ஜாடியை மேசையில் இறக்கி வைத்தாள்.

பெரியவர்கள் இருவரும் தோட்டத்துப் பக்கம் போனார்கள். ஓடெட் துணியிலிருந்து ஒட்டுநாடாவைப் பிய்த்தாள். அவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருந்ததை யாராலும் பிரித்து மறுபடி அதே மாதிரி ஒட்டியிருக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். காலையிலேயே தெரியும்.

"தண்ணி நீ ஊத்தல" என்றாள். "மன்னிச்சுக்கோ."

"சனிக்கிழமை கோழிக்கூட்டை என் பங்குக்கும் சேர்த்து நீ சுத்தம் பண்ணு. அப்ப மன்னிக்கிறேன்."

அது நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. சரி என்றாள்.

ரெமி தன் கிண்ணத்தைக் கழுவ எழுந்தான். "நான் இல்லன்னா, உள்ள இருக்கிற ஒருத்தன்தான். ஒவ்வொருத்தனா கூப்பிட்டு விசாரி" என்று போகிற போக்கில் சொன்னான்.

அவன் கேலியாகத்தான் சொன்னான். ஆனால் ஓடெட் அப்படியே நின்றுவிட்டாள். கிண்ணத்தில் எல்லாரும் கும்பலாக இருந்தால் யார் என்ன செய்தார்கள் என்று எப்படித் தெரியும்? பிரித்து வைத்தால் தெரியுமே.

அவள் அலமாரியிலிருந்து தேநீர்க் கோப்பைகளை எடுத்தாள். முதல் கோப்பையில் கொஞ்சம் மாவும் தண்ணீரும் பெர்னார்டும். அடுத்ததில் துருவிய சுக்கினி மட்டும். இன்னொன்றில் துருவிய சுக்கினியோடு ஒரு கரண்டி சர்க்கரை. முட்டையை ஏன் விட்டுவிட்டாய் என்று ரெமி கேட்டான். முட்டைக்கும் எண்ணெய்க்கும் ஒரு கோப்பை வந்தது. எல்லாவற்றையும் சன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். சாப்பாட்டு நேரம் வரை யாரும் தொடக்கூடாது என்றாள்.

சாப்பாட்டு நேரம் வரை ரெமிதான் அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தான்.

கடைசியில் இருவரும் சேர்ந்து குனிந்து பார்த்தார்கள். முட்டைக் கோப்பை வைத்தபடியே இருந்தது. தனிச் சுக்கினி கொஞ்சம் கசிந்திருந்தது. பெர்னார்டின் கோப்பையில் மாவு குமிழி குமிழியாகப் பொங்கி, தொப்பியைப் போல விளிம்புக்கு மேலே எழும்பியிருந்தது.

சர்க்கரை போட்ட கோப்பையில் சுக்கினியைக் காணோம். இல்லை, இருந்தது. அடியில் முழுகிக் கிடந்தது. அதன் மேல் பச்சை நிறத்தில் ஒரு குட்டிக் குளம்.

"யாரும் ஊத்தல" என்று ஓடெட் மெதுவாகச் சொன்னாள். "தண்ணி உள்ளேயே இருந்திருக்கு."

சுக்கினி பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி அறைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. துருவும்போது சில அறைகள் உடைகின்றன. மிச்ச அறைகளில் இருப்பதைச் சர்க்கரை வெளியே இழுக்கிறது. சர்க்கரைக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு ஆசை. கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தாலே இழுக்கும். இராத்திரி முழுக்க இருந்தால்? மாவு கரைந்துபோகும். சர்க்கரை அதிகமாக இருந்தால் பெர்னார்டுக்கும் தண்ணீரை விட்டுவைக்காது. தாகத்தோடு இருப்பவன் எப்படி வேலை செய்வான்? மிசஸ் கார்லிஸ் மூச்சு முட்டும் என்று சொன்னது பாதி சரி.

சோடா போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் கலக்கிய கையோடு அடுப்பில் வைத்துவிடுவார்கள். புளிமாவுக்காரர்கள்தான் மாலையிலேயே எல்லாவற்றையும் கலந்து இரவெல்லாம் வைப்பார்கள். ஓடெட்டும் அப்படித்தான் பழகியிருந்தாள். அந்தப் பழக்கம்தான் அவளைக் கவிழ்த்திருந்தது.

"அப்ப சர்க்கரையை விட்டுடு" என்றான் ரெமி.

"இது இனிப்பு ரொட்டிடா."

"சுக்கினியை விட்டுடு. எனக்கு ரொம்பச் சந்தோஷம்."

ஓடெட் கோப்பைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையும் விடவேண்டியதில்லை என்று அவளுக்குப் பட்டது. பெர்னார்டுக்கு இரவு முழுக்க நேரம் வேண்டும். சுக்கினிக்கும் சர்க்கரைக்கும் அது வேண்டாம்.

அன்று மாலை அவள் பாதி மாவையும் தண்ணீரையும் பெர்னார்டையும் மட்டும் கலந்து மூடி வைத்தாள். ஒட்டுநாடா ஒட்டவில்லை. அம்மா மேசையிலிருந்த சோடா டப்பாவைக் காட்டி, இருக்கட்டும் என்று ஒரு சிட்டிகை போடலாமே, கடைசி வாய்ப்பு அல்லவா என்று கேட்டார். ஜாடி கவிழ்ந்து காய்வது ஓடெட்டின் கண்முன் வந்துபோனது.

"வேண்டாம்மா. சோடாவும் போட்டு ரொட்டி எழும்பிச்சுன்னா, தூக்கினது யாருன்னு நமக்குத் தெரியாமலே போயிடும்."

அம்மா டப்பாவைத் தள்ளி வைத்தார்.

காலையில் கிண்ணத்தில் மாவு பொங்கி நின்றது. கரண்டியை நட்டாள். நின்றது.

சுக்கினியைத் துருவி, ஒரு சிட்டிகை உப்புத் தூவி வைத்தாள். உப்புக்கும் தண்ணீரை இழுக்கத் தெரியும். பிறகு அதைத் துணியில் கட்டிப் பிழிந்தாள். அவள் பிழிந்து முடித்ததும் ரெமி வாங்கிப் பிழிந்தான். அவன் கை பெரியது. இன்னும் அரைத் தம்ளர் தண்ணீர் வந்தது. பந்தயம் கட்டினால் குடிக்கிறேன் என்றான். யாரும் கட்டவில்லை.

அதன் பிறகுதான் சர்க்கரை, முட்டை, எண்ணெய், பட்டைத் தூள், மிச்ச மாவு, பிழிந்த சுக்கினி எல்லாம் பொங்கிய மாவோடு சேர்ந்தன. ரொட்டி அச்சில் ஊற்றியபோது அது பாதி உயரம்தான் இருந்தது. அதை வெயில் படும் சன்னலில் வைத்தாள்.

பிறகு காத்திருந்தாள். மாவு அசைவதாகத் தெரியவில்லை. இனிப்பு மாவில் பெர்னார்ட் மெதுவாகத்தான் வேலை செய்வான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அம்மா வந்து பார்த்தார். மிசஸ் கார்லிஸ் பின்னல் பையோடு வந்தார். நாளைக்குக் கண்காட்சி, உன் பெயருக்கு மேசையில் இடம் வைக்கவா என்று கேட்டார். "வையுங்க" என்றாள் ஓடெட், அச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். மிசஸ் கார்லிஸ் ஒரு காலுறையில் பாதியைப் பின்னி முடித்தார். அப்போதும் பெர்னார்ட் அவசரப்படவில்லை.

சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது மாவு அச்சின் விளிம்பைத் தொட்டிருந்தது.

அடுப்புக்குள் அது இன்னும் எழும்பியது. நடுவில் வெடித்துப் பிளந்தது. பட்டை வாசனை வீடு முழுக்கப் பரவியது. அம்மா அச்சை வெளியே எடுத்ததும் மிசஸ் கார்லிஸ் தன் பின்னல் ஊசியைத் துடைத்து ரொட்டியின் நடுவில் செருகி இழுத்தார். ஊசி சுத்தமாக வந்தது. அவர் நம்பாமல் வேறு இடத்தில் செருகினார். அங்கேயும் சுத்தமாக வந்தது.

ஆறட்டும் என்று அம்மா சொன்னதை யாரும் கேட்கவில்லை. ரெமி வெட்டி, முதல் துண்டைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தான்.

"சோப்பு இல்ல" என்று அறிவித்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

மிசஸ் கார்லிஸ் மெதுவாக மென்றார். வெண்ணெயை இந்தப் பக்கம் தள்ளு என்றார். இரண்டாவது துண்டையும் முடித்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, சொல்லு. சோடா எவ்வளவு போட்ட?"

ஓடெட் மேசையிலிருந்த டப்பாவை எடுத்து அவரிடம் நீட்டினாள். அதன் மூடி பிரிக்கப்படவே இல்லை. மிசஸ் கார்லிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்படின்னா கூடாரத்துக்கு வேற செங்கல்தான் தேடணும்" என்றார்.

அம்மா பெர்னார்டின் ஜாடியை எடுத்தார். குளிர்பெட்டியைத் திறந்து, பாலாடைக்கட்டியை மேல்தட்டுக்கு மாற்றிவிட்டு, ஜாடியை நடுத்தட்டில் வைத்தார்.

"அதை உள்ள வைக்காதீங்கம்மா. நாளைக்குக் கண்காட்சிக்கு இன்னொரு ரொட்டி வேணும். இப்பவே மாவு கரைக்கணும்" என்றாள் ஓடெட்.

"எப்படிச் செஞ்சன்னு சொல்லிட்டுக் கரை" என்றார் மிசஸ் கார்லிஸ்.

ஓடெட் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னாள்: "ராத்திரி மாவும் தண்ணியும் பெர்னார்டும் மட்டும். சுக்கினியைக் காலையில பிழிஞ்சுட்டு, சர்க்கரையோட கடைசியில சேர்க்கணும்."