வெளித் தாழ்ப்பாள்

படப்பிடிப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாரும் தேத்தண்ணி மேசைப் பக்கம் ஓடிய பிறகு, மூடியிருந்த கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

தவநாயகி கம்பளி மடிப்பதை நிறுத்தினாள். சின்னப் பிள்ளையின் இருமல். நெஞ்சில் சளி கட்டி, நித்திரை இல்லாமல் கிடக்கிற பிள்ளை இருமுகிற மாதிரி. யாரையாவது விட்டுவிட்டார்களோ என்று சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே நனைந்த புல்லும், சுவருக்கு முட்டுக்கொடுத்த கம்புகளும், மணல் மூட்டைகளும் கிடந்தன. தூரத்தில் ட்ருகனினாப் புறநகரின் கிடங்குகளில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. வேறு ஒருவரும் இல்லை. இருக்கவும் வழியில்லை. அந்தக் கட்டடத்துக்கு முகம் மட்டும்தான் உண்டு. பலகை அடித்து மண் நிறம் பூசிய ஒற்றைச் சுவர், நடுவில் ஒரு கதவு.

ஸ்பானியர் ஆண்ட காலத்துக் கலிபோர்னியாவில், பாதிரிமார் பழங்குடிகளைக் குடியேற்றிய ஒரு மிஷனைப் பற்றி யாரோ படம் எடுக்கிறார்கள். பழங்குடிகளாக வந்து நிற்கப் பழுப்புத் தோல் வேண்டும். மெல்பேர்னின் மேற்கில் அதற்கா பஞ்சம்? படகில் வந்து இன்னமும் நிரந்தர விசாவுக்குக் காத்திருக்கும் தவநாயகி, கிடைத்த வேலையை விடுகிற ஆளில்லை. பள்ளி விடுமுறை என்பதால் மகள் தாரகாவுக்கும் வேடம் கிடைத்தது. அவளுக்கு இருப்பதெல்லாம் அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

நடிப்பென்று பெரிதாக ஒன்றுமில்லை. மணி அடித்தால் செபம். மணி அடித்தால் சோளக் கஞ்சிக்கு வரிசை. ஆண்கள் வைக்கோல் போட்டுச் சேறு மிதித்து மண்கல் அறுப்பார்கள். பெண்கள் அம்மி மாதிரி ஒரு கல்லில் சோளம் அரைப்பார்கள். அந்தி மணிக்குப் பெயர் கூப்பிட்டு, கல்யாணமாகாத பெண் பிள்ளைகளை ஓர் அறைக்குள் அனுப்பி வெளியே தாழ்ப்பாள் போடுவார்கள். பிள்ளைகள் கதவால் நுழைந்து புல்லில் நிற்க வேண்டியது, பிறகு சுற்றிக்கொண்டு வர வேண்டியது.

இருமலைப் பற்றிச் சொன்னபோது, துணை நடிகர்களைக் கவனிக்கும் சென்னைப் பெண் ஹரிப்பிரியா சிரித்தாள். இங்கே எல்லாமே பலகையும் பெயின்ட்டும்தான், கதவு மட்டும் அசல் என்றாள். அந்தக் காலத்து மிஷன் ஒன்றின் பெண் பிள்ளைகள் அறையிலிருந்து கழற்றிக் கப்பலில் கொண்டுவந்ததாம். "தட்டம்மை வந்து புள்ளைங்க செத்துட்டிருந்தப்பகூட ராத்திரில தொறக்க மாட்டாங்களாம்க்கா," என்றாள், ஏதோ விலை உயர்ந்த சாமானைக் காட்டுகிறவள் போல.

தவநாயகியும் முகாமில் அடைபட்டுக் கிடந்தவள். வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தத்தை உள்ளே இருந்து கேட்டவள்.

மறுநாள் அந்தியிலும் அதே இருமல். பலகைகளின் இடுக்கிலிருந்து பழைய வியர்வையும் நனைந்த கம்பளியும் கலந்த வாடை வந்தது. இருமிக் களைத்த பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கிற சீழ்க்கைச் சத்தம், ஒரு முழ உயரத்தில், மரத்துக்கு அந்தப் பக்கம் கேட்டது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் இருமுகிற பிள்ளையைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க அவளுக்குத் தெரியாது. பையிலிருந்த குடுவையைத் திறந்து, தனக்கென்று அவித்துக் கொண்டுவந்த மல்லித் தண்ணியை மூடியில் ஊற்றிக் கதவடியில் வைத்தாள்.

"சூடா இருக்கேக்கையே குடியுங்கோ பிள்ளை. இருமல் நிண்டிடும்."

பெட்டிகளை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது மூடி காய்ந்து கிடந்தது. நாயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இருமல் நின்றிருந்தது. அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை நினைத்தால்தான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கடைசி நாள். மணி அடித்தது. பெயர்களைக் கூப்பிட்டார்கள். தாரகா திரும்பி அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. படம் எடுத்தது போதும் என்று சொன்னதும் பிள்ளைகள் கும்மாளமாகச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். தாரகாவும் வந்தாள், கடைசியாக, மெல்ல நடந்து.

தாயின் பையைத் துழாவிக் குடுவையை எடுத்தாள். தாரகாவுக்கு மல்லித் தண்ணியின் வாசமே ஆகாது. மூக்கைப் பொத்தாமல் குடிக்க மாட்டாள். இவள் அண்ணாந்து மடக்கு மடக்கென்று குடித்தாள். தவநாயகி அவள் நெற்றியைத் தொட்டாள்.

கொதித்தது.

"தாரகா?"

பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. தாரகாவின் கண்தான். தாரகாவின் மூக்குத்தான். பார்வை மட்டும், வீதியில் போகிற யாரோ பார்ப்பதுபோல.

அப்போது கதவுக்குப் பின்னால் தாரகாவின் குரல் கேட்டது.

"அம்மா. ஓப்பன் த டோர், ப்ளீஸ். இஞ்ச நிறையப் பேர் இருக்கினம்."

தவநாயகி ஓடினாள். தாழ்ப்பாளை இழுத்தாள். திறந்தாள்.

புல். கம்புகள். தூரத்து விளக்குகள்.

கதவு காற்றில் தானாகச் சாத்திக்கொண்டது.

"அம்மா!"

திறந்தாள். புல். சாத்தினாள். அழுகை, பலகையோடு ஒட்டி. திறந்தாள். புல்.

சாத்தினாள். நிலத்தில் விழுந்து கதவடி இடுக்கில் கையை வைத்தாள். உள்ளிருந்து விரல்கள் நீண்டன. நகத்தில் நீலப் பூச்சு, காலையில் அவளே பூசிவிட்டது. பற்றிக்கொண்டாள். குளிர்ந்திருந்தன. திறந்தால் இவை இருக்காது என்று தெரிந்தது. விட்டால் திரும்பக் கிடைக்குமா என்று தெரியவில்லை.

"வீட்ட போவமா அம்மா?" என்றது பின்னால் நின்ற பிள்ளை, தாரகாவின் குரலில்.

அவள் திரும்பவில்லை. நீலப் பூச்சு விரல்களுக்கு இரு பக்கமும் வேறு விரல்கள் வந்துகொண்டிருந்தன. சின்னவை. இன்னும் சின்னவை. கதவின் அகலம் முழுக்க, மண்ணைப் பிராண்டிக்கொண்டு, அவள் கையைத் தேடி.