உறையக் கூடாத ஆறு குப்பிகள்

மழை... சும்மா இல்லை, அடைமழை! நெஞ்சோடு அணைத்த பெட்டியுடன் ஆராய்ச்சிக் கூடத்துப் படிகளில் ஓடி ஏறியவள், எதிரே வந்த நெட்டையன் மேல் மோதியே விட்டாள். பெட்டி நழுவியது. நல்லவேளை, அவன் பிடித்துக்கொண்டான்.

"கண்ணு தெரியலையா?" என்று சீறப் போனவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்கள்... இமை நுனியில் ஒரு மழைத்துளி வேறு. சீற்றம் போன இடம் தெரியவில்லை.

அதற்குள் பேராசிரியர் போனில் அழைத்தார்.

"நீங்க போங்க. துகள் அளவு பாக்குற மிஷினுக்கு நான்தான் புதுசா வந்திருக்கேன். பெட்டியைப் பத்திரமா குளிர்ல வைக்கிறேன்," என்றான் அவன்.

அவனிடம் ஏதோ சொல்ல வேண்டும்... நுனி நாக்கு வரை வந்தது. வெளியே வரவில்லை. ஓடிவிட்டாள்.

பெட்டிக்குள் ஆறு குப்பிகள். அவற்றில் இருந்தவை இன்சுலினைச் சுமக்கும் நானோ துகள்கள். தலைமுடியின் தடிமனை ஆயிரமாக வகுத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் ஒவ்வொன்றும். வயிற்று அமிலத்துக்குத் தப்பி, மருந்தைக் குடல்வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அது மட்டும் நடந்தால், அவள் அப்பா தினமும் குத்திக்கொள்ளும் ஊசிக்கு ஒருநாள் விடுதலை. இன்சுலினை மாத்திரையாக்கியே தீருவேன் என்று அலைவதால், கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே 'மாத்திரை'தான். மாலை நான்கு மணிக்கு ஆய்வை மதிப்பிடும் குழு கூடுகிறது. துகள்கள் தேறினால்தான் அடுத்த கட்டச் சோதனைக்குத் தேதி.

மதியம் வந்து பார்த்தால்... ஆறும் கல்லாக உறைந்து கிடந்தன!

"ஃப்ரீசர்லயா வச்சீங்க? உறைஞ்சா துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்னு தெரியாதா?"

எல்லார் முன்னாலும் கிழி கிழியென்று கிழித்துவிட்டாள். அவன் குப்பிகளை உருகவைத்து அளக்க எடுத்துப் போனான்.

சிறிது நேரம் கழித்துப் பேராசிரியர் அறையைக் கடந்தபோது அவன் குரல் கேட்டது. "அவங்க மேல தப்பில்ல சார். கேக்காம வச்சது நான்தான்."

சுருக்கென்றது. 'உறைய வைக்காதே' என்று பெட்டியில் எழுதி ஒட்டாதது யார்? போய் மன்னிப்புக் கேள் என்றது மனசு. முடியாது போ என்றது வீம்பு. வீம்புதான் ஜெயித்தது, மூன்றரை மணி வரை.

மூன்றரைக்கு அவனே காகிதமும் கையுமாக வந்து நின்றான்.

"அஞ்சு போச்சு மேடம். ஆறாவது அப்படியே இருக்கு, நூத்திப் பத்து நானோமீட்டர்! அதுல மட்டும் என்ன போட்டீங்க?"

நோட்டைப் புரட்டினாள். சர்க்கரை! சும்மா செய்து பார்ப்போமே என்று கலந்தது. துகள்களுக்கு நடுவே நின்று ஒட்டவிடாமல் காத்திருக்கிறது. இனி உறைய வைக்கலாம், பொடியாக்கலாம், மாத்திரையில் அடைக்கலாம்...

"சர்க்கரை வியாதி மருந்தைச் சர்க்கரையே காப்பாத்திடுச்சு," என்று அவன் சிரித்தான். பாவி, சிரித்தால் இன்னும் அழகு.

குழுவின் முன் எல்லாவற்றையும் சொன்னாள். "பெட்டியில எழுதி ஒட்டாதது என் தப்பு. அவரைத் திட்டினதும்தான்."

"இன்னொரு தரம் செஞ்சு காட்டும்மா. தேதி உனக்குத்தான்," என்றார் தலைவர்.

வாசலில் மழை இன்னும் விடவில்லை. அவன் குடையோடு நின்றிருந்தான்.

"காலையில ஏதோ சொல்ல வந்தீங்களே..."

"உறைய வைக்காதீங்கன்னு சொல்ல வந்தேன்... உங்க கண்ணைப் பார்த்தேன். மறந்துட்டேன்." கன்னம் சுட்டது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் குடையை அவள் பக்கம் சாய்த்தான்.

"உறைய வைக்கலாமான்னு நானும்தான் கேக்க வந்தேன்... எனக்கும் மறந்துபோச்சு."