பூவராகனின் பொறுமை

குணவாங்கி இயந்திரத்தின் தொப்பியைத் தலையிலிருந்து கழற்றியதும் பூவராகன் வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டார். பல வருஷமாக விட முடியாமல் போன கொட்டாவி அது. இடது தாடை சுள்ளென்று இழுக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வலி இருக்கா?" என்றார் டாக்டர் யாழரசி.

"போயே போச்சு டாக்டர்!"

பாவம், அந்த வலிக்காக மனிதர் படாத பாடில்லை. சொத்தையே இல்லாத கடைவாய்ப் பற்களைக்கூடப் பிடுங்கிக்கொண்டார். படம் எடுத்துப் பார்த்தவர்களெல்லாம் ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்தார்கள். யாழரசிதான் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"வலி நெசம்தான். ஆனா வேர் பல்லுல இல்ல. ஒவ்வொரு கோவத்தையும் நீங்க முழுங்கறப்ப தாடை இறுகுது. நாள் பூரா இறுகியே கெடந்தா வலிக்காம என்ன செய்யும்?"

முழுங்குவதுதான் அவர் பிழைப்பு. கடல்நீரை வடிகட்டிக் குடிக்கும் கடலூர்க் குடியிருப்பு ஒன்றில் குறைகேட்கும் அலுவலர். தண்ணீர் கரிக்கிறது, மின்தூக்கி நகர மாட்டேன் என்கிறது என்று கத்துகிறவர்கள் முன்னால் சிரித்த முகமாக நிற்க வேண்டும். குணவாங்கி அவருடைய மிதமிஞ்சிய பொறுமையை மட்டும் உறிஞ்சி ஒரு மின்னணுச் சில்லில் அடைத்துவிட்டது.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க," என்றார் யாழரசி. "இந்தச் சில்லு எங்கயாவது ஓடிட்டே இருக்கணும். நின்னா, பொறுமை உங்ககிட்டயே திரும்பிடும். வலியும்தான்."

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தவர் மேசையைத் தட்டினார். பூவராகனும் தட்டினார்.

"வடிகட்டிய மாத்துங்கன்னு எத்தன தடவ சொல்றது? மாத்தாம இங்க வந்து ஏன்யா உயிர வாங்கற?"

என்ன சுகம்! தாடை பஞ்சாக இருந்தது. குடியிருப்பே கொதித்தது. நிர்வாகி இளவழுதி ஓடிவந்து, யாழரசியின் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்த சில்லைக் கேட்டு வாங்கி, ரப்பர் முகமும் அசையும் தாடையும் வைத்த ஒரு 'குறைகேளி' இயந்திரத்துக்குள் பொருத்தினார். பூவராகனை நீரேற்று அறைக்கு அனுப்பினார். பம்புகளுக்கு வாய் கிடையாது. அங்கே உட்கார்ந்து அவர் கரும்பைப் பல்லாலேயே உரித்துத் தின்றார்.

குறைகேளி எவ்வளவு திட்டினாலும் சிரித்தது. ஜனங்களுக்குப் பரம திருப்தி. வீட்டுச் சண்டையையெல்லாம்கூட அதனிடம் கொண்டுவந்து கொட்டினார்கள்.

மழைக்காலம் வந்தபோது அதன் தாடையில் நறநறவென்று சத்தம் கேட்டது. கீலை மாற்றினார்கள். மறுபடியும் நறநற. கடைசியில் யாழரசியைக் கூப்பிட்டார்கள். பூவராகனும் வந்து நின்றார்.

"கீல் மேல தப்பில்ல. சில்ல எடுத்தாத்தான் இது பிழைக்கும்," என்றார் யாழரசி. "உங்கள்ல யாராவது வாங்கிக்கணும். இல்லன்னா இவருக்கே திரும்பப் போயிடும்."

கூடியிருந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள். இளவழுதிக்கு அவசரமாக எங்கோ போக வேண்டியிருந்தது. பூவராகன் கன்னத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"எனக்கு வேண்டாங்க! செத்தாலும் வேண்டாம்!"

குறைகேளி எல்லோரையும் ஒருமுறை பார்த்துச் சிரித்தது. தாடை நறநறத்தது.

"பரவால்லைங்க," என்றது. "நானே வச்சுக்கறேன்."

அப்பாடா என்று அத்தனை பேரும் மூச்சுவிட்டார்கள். முதலில் விட்டவர் பூவராகன்தான்.