தேடாத தெரு

பத்தொன்பது நாட்களாக உப்பளக் குடியிருப்பில் ஒருவருக்குக்கூடச் சளி பிடிக்கவில்லை. தேடல்மானி அப்படித்தான் சொன்னது.

சுவர் நிறைய விரிந்திருந்த வரைபடத்தில் நகரத்தின் மற்ற இடங்களெல்லாம் மழைக்காலத்து மஞ்சள் திட்டுகளோடு கிடந்தன. கடலோரத்து அந்த ஒரு மூலை மட்டும் அப்பழுக்கில்லாத பச்சை. தேடல்மானி அலுவலகத்தில் வேலை பார்த்த ரோஸ்லின் அந்த மூலையையே திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தாள். அங்கேதான் அவள் அக்கா மெற்றில்டா இருந்தாள். இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை.

"பச்சையைப் பார்த்துப் பயப்படுற முதல் ஆள் நீதாம்மா," என்றார் இயக்குநர் நாச்சியப்பன்.

"மழை பெய்யுது சார். ஒருத்தர்கூட 'தொண்டை வலி'ன்னு தேடலைன்னா எப்படி?"

"ஆரோக்கியமா இருக்காங்க. விடேன்."

டாக்டரிடம் மறைப்பதை மனிதர்கள் தேடுபெட்டியிடம் மறைப்பதில்லை. அதுதான் தேடல்மானியின் அஸ்திவாரம். ஒரு தெருவில் ஒரே நாளில் நாற்பது பேர் காய்ச்சலைப் பற்றித் தேடினால் போதும், முதல் நோயாளி ஆஸ்பத்திரிப் படியேறும் முன்பே மருந்து வண்டி வந்துவிடும். கூடவே மின்வேலியும் வரும். இருபத்தொரு நாள் யாரும் தெருவை விட்டு அசைய முடியாது. இரண்டு கொள்ளைநோய்களை அது முளையிலேயே கிள்ளிய பிறகு, மருந்தும் படுக்கையும் அது கைகாட்டும் இடத்துக்கு மட்டுமே என்று சட்டமாயிற்று. பச்சைப் பகுதிக்கு ஒரு மாத்திரை போகாது.

மதியமே ரோஸ்லின் கிளம்பிப் போனாள். அக்கா வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ரொம்ப நேரம் தட்டிய பிறகு மெற்றில்டா திறந்தாள்.

"சத்தம் போடாதட்டி. உள்ள வா."

பின்னறையில் அத்தான் கிடந்தார். கண்கள் மஞ்சள் பூத்திருந்தன. கால்கள் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளாக்கா?"

"ஆறு."

"ஏன்க்கா தேடலை? தேடியிருந்தா மருந்து வந்திருக்குமே!"

"மூணு தடவை தேடுனோம். மூணு தடவையும் வேலி போட்டாவ. வேலைக்குப் போவாம, கஞ்சிக்கு வழியில்லாம புள்ளைய எல்லாம் சுருண்டு கெடந்துச்சு. அது உன் மெஷினுக்குத் தெரியுமா?" மெற்றில்டா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இனிமே யாரும் நோயைப் பத்தி எழுதக் கூடாதுன்னு ஊர்க் கூட்டத்துல முடிவு பண்ணிட்டோம்."

அந்தத் தெருவில் மட்டும் பதினொரு பேர் படுக்கையில் இருந்தார்கள். ரோஸ்லின் ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். பச்சைப் பகுதிக்குச் சேர்க்கை கிடையாது என்றார்கள். நாச்சியப்பனிடம் கெஞ்சினாள். "உன் கண்ணை நம்பி நான் மருந்து அனுப்ப முடியாதும்மா. தேடல் வரட்டும்."

தேடல் வரவைப்பதென்று முடிவு செய்தாள். வீடு வீடாகப் போனாள். சிலர் முகத்தில் அறைவதுபோல் கதவைச் சாத்தினார்கள். ஒரு மனிதர் காறித் துப்பினார். ஆனாலும், படுக்கையில் ஆள் கிடந்த வீடுகளில் அவள் காலில் விழாத குறையாக அழுததைப் பார்த்துப் போனை எடுத்தார்கள். எப்படி எழுதுவதென்று கேட்டவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுத்தாள்: கண் மஞ்சள், காய்ச்சல், மருந்து. பொழுது சாய்வதற்குள் நாற்பத்தாறு பேர் தேடிவிட்டார்கள்.

அலுவலகத் திரையைத் தன் போனில் திறந்து பார்த்தாள். பச்சை மாறவில்லை. கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: 'ஒரே வாசகம், ஒரே மாலை. தூண்டப்பட்ட தேடல். நீக்கப்பட்டது.'

வதந்திகளை வடிகட்ட அந்த விதியைப் போன வருடம் எழுதியவள் அவள்தான். அதைத் திருத்த மூன்று பேர் கையெழுத்து வேண்டும். நாச்சியப்பன் அன்று மாலை அவள் அழைப்பை எடுக்கவே இல்லை.

விடிந்து வெயில் ஏறியபோது அத்தானின் மூச்சு நின்றது.

மெற்றில்டா அழவில்லை. அவர் கையைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு போனை எடுத்து எழுதினாள்: 'இறப்புச் சான்றிதழ் எங்கே வாங்க வேண்டும்.' எழுதும்போது அவள் விரலில் கொஞ்சமும் பயமில்லை. இனி எதற்குப் பயம்?

ரோஸ்லின் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சட்டென்று எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் அலுவலகத்துக்கு ஓடினாள்.

பத்தொன்பது நாள் தேடல்களை உருவி எடுத்தபோது எல்லாம் அங்கே இருந்தது. நோயை ஒளித்தவர்கள் சாவை ஒளிக்கவில்லை. 'அப்பா இறந்துட்டாங்க எங்க பதியணும்.' 'சவப்பெட்டி சின்ன அளவு.' ஐம்பத்து மூன்று பேர், ஒவ்வொருவரும் தன் சொந்த வார்த்தையில். எந்த வடிகட்டியும் அதை நீக்கவில்லை, யாரும் அதை எண்ணவுமில்லை.

நாச்சியப்பன் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். ஒரு மணி நேரத்தில் மருந்து வண்டிகள் புறப்பட்டன. வேலியும் புறப்பட்டது. இருநூற்றுச் சொச்சம் பேர் பிழைத்தார்கள். ரோஸ்லின் கண்டுபிடித்ததற்கு 'இறப்புச் சுட்டி' என்று பெயர் வைத்து நாடு முழுவதும் தேடல்மானிகளில் பொருத்தினார்கள். அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

மூன்று மாதம் கழித்து நாச்சியப்பன் அவளை வரைபடத்துக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

"கடற்கரை முழுக்கப் பாரும்மா. காய்ச்சல் இல்லை. இறப்புச் சுட்டியும் பூஜ்யம். ஒரு மாசமா சாவே இல்லை!"

கடற்கரை முழுக்கப் பச்சையாக இருந்தது. ரோஸ்லின் வராந்தாவுக்குப் போய் அக்காவை அழைத்தாள். ஐந்தாவது முறை மெற்றில்டா எடுத்தாள்.

"அக்கா, அங்க யாரும் சாகலையா?"

தூரத்தில் யாரோ ஒரு பெண் வாய்க்குள் துணியைத் திணித்துக்கொண்டு அழுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

"சான்றிதழ் தேடலையா? எங்க புதைக்கிறீங்க? சொல்லுக்கா. எத்தனை பேரு?"

மெற்றில்டா மூச்சை இழுத்து விட்டாள்.

"ஏட்டி ரோஸ்லின்," என்றாள் மெதுவாக. "இதைக் கேக்குறது நீயா, உன் மெஷினா?"

ரோஸ்லின் கதவு வழியே உள்ளே தெரிந்த பச்சை வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.