வெயில் குடிக்கும் பொடி

போன் அடித்தது.

விடியற்காலை வரை மழை கொட்டிய ராத்திரியின் டூட்டி முடிந்து கிளம்பிய ஏட்டு ஜெயதாஸ் எடுத்தார். பனச்சமூட்டுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு பிணம் என்றது குரல்.

ஏட்டுக்கு முட்டு வலி. வீட்டில் கட்டில் காத்திருந்தது. போனார்… தோட்டத்துக்கு.

செத்தது ஜாய். பின்மண்டை உடைந்திருந்தது. தோட்டத்தை ஒட்டிய ஆராய்ச்சிக் கொட்டகையில் அழுக்கு நீக்கும் பொடி செய்யும் அபிஜித்துக்குக் கூட்டாளி. பிணத்தை முதலில் பார்த்தவன் குட்டப்பன், அங்கே பொடி அரைக்கும் கூலிக்காரன். முந்தின நாள் லீவு கேட்டு ஜாயோடு சண்டை போட்டவனும் அவன்தான்.

போதாதா? விலங்கு ஏறியது.

"நான் செய்யல்ல சாரே. எனக்க பிள்ளைக்கு இண்ணைக்கு ரெண்டு மணிக்கு காரக்கோணம் ஆஸ்பத்திரியில ஆப்பரேஷன். சம்மதக் கடுதாசியில ஒப்புப் போட வேற ஆளில்ல."

ஏட்டு அவனை ஜீப்பில் ஏற்றினார். அதற்கும் தெம்பு வேண்டுமே…

கொட்டகை முற்றத்துக்கு வந்தபோது உச்சி வெயில். அங்கே அபிஜித் நின்றான். திருவனந்தபுரத்திலிருந்து இப்போதுதான் பஸ்சில் இறங்கினேன் என்றான்.

சிமெண்ட் தரை பளிச்சென்று கிடந்தது. ஒரு கறை இல்லை. எப்படி என்று கேட்டார் ஏட்டு.

அபிஜித் முகம் மலர்ந்தது. "எங்க பொடி ஆக்கும் சாரே. ரெண்டு பொருளைச் சேத்து ஒண்ணாக்கினது. ஒண்ணு வெயிலைக் குடிக்கும். மத்தது அந்தப் பெலத்துல அழுக்கைத் தின்னும். நாள்கணக்குல நடக்க வேண்டியது மணிக்கணக்குல முடிஞ்சுபோவும்."

"வெயில் இல்லேன்னா?"

"சும்மா மாவு."

ஏட்டுக்குத் தலை சுற்றியது. ஜீப் வரை நடக்க ஒரு குடை கிடைக்குமா என்று கேட்டார்.

"அந்தா, எனக்க குடை. எடுத்துக்கிடுங்க."

முற்றத்து நடுவில் கறுப்புக் குடை ஒன்று காய்வதற்காக விரித்து வைத்திருந்தது. ஏட்டு குனிந்தார். முட்டு முனகியது. குடையைத் தூக்கினார்…

தரையில் ஒரு வட்டம். வெயில் படாத வட்டம்.

அதில், கழுவியும் போகாத ரத்தக்கறை, தோட்டத்துப் பக்கமாக இழுபட்டு.

அபிஜித் ஒரு அடி பின்வாங்கினான்.

"மழை விடியக்காலமே விட்டாச்சு," என்றார் ஏட்டு. "இப்போ பஸ்சுல வந்த ஆளுக்க குடை எப்பிடி மக்கா நனைஞ்சுது?"

அபிஜித் தரையில் உட்கார்ந்தான். "பொடி எனக்கது சாரே. அவன் அவனுக்க பேருல பேட்டண்ட் பதியப் போனான்."

விலங்கு கை மாறியது. குட்டப்பன் நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. காரக்கோணம் பஸ்சுக்கு ஓடினான்.

ஜீப்பில் அபிஜித்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஏட்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்ல பொடிதான் கேட்டியா. இனி அதை நிழலுலயும் வேலை செய்ய வைக்கப் பாரு. ஜெயிலுக்குள்ள நேரம் நெறைய உண்டு… வெயில்தான் கிடையாது."